பழைய பதிப்பும் புதிய பதிப்பும்

பாடசாலைகளிலும் சங்கங்களிலும் இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்னர்க் கணினியிற் பதிந்து வைக்கப்பட்ட பெயரேடுகளை இனி என் செய்வது என்னும் வினா இக்காலத்தில் அடிக்கடி எழுகின்றது. புதிய மென்பொருள் வந்துவிட்டது, பழையதை அழித்துவிடுக என்பார் ஒரு சாரார். பழையதிலே கைவைத்தல் ஆகாது என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் பொருந்தா என்பதே நம் கருத்து. புதியது முற்றும் சரிபார்க்கப்படும் வரை இரு பதிப்புகளும் ஒரே கணினியில் உடனுறைதல் வேண்டும். உடனுறையும் காலத்தும் எழுதும் உரிமை புதியதற்கே இருத்தல் வேண்டும்.

மைக்ரோசொப்ட் நிறுவனத்தாரின் அக்செஸ் என்னும் தரவுத்தள மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அக்செஸ் 97 இல் அமைந்த கோப்பை அதன் 2003, 2007, 2010 ஆம் ஆண்டுப் பதிப்புகள் திறந்து புதிய அமைப்புக்கு மாற்றவல்லன. 2013 ஆம் ஆண்டுப் பதிப்போ அதனைத் திறக்க மறுக்கும். பின் வந்தனவும் அவ்வாறே. ஆகவே, கோப்பை மாற்றுமுன் இடைப்பட்ட பதிப்புகளை அகற்றியவர், பூட்டை வைத்துக்கொண்டு திறப்பை எறிந்தவராவர்.

இரண்டையும் ஒரே கணினியில் நிறுவுங்கால் முன்னதை முதலிலும் பின்னதை அடுத்தும் நிறுவுதல் முறை. அப்பொழுதும் பூசல் தீர்வதில்லை. இவ்வகைக் கோப்புக்கு உரிய மென்பொருள் இன்னதென்பதை விண்டோஸ் ஓரிடத்திலே குறித்து வைக்கும். அக்செஸின் ஒவ்வொரு பதிப்பும் தான் திறக்கப்படும்போது அவ்விடத்திலே தன் பெயரைப் பொறித்துக்கொள்ளும்; மற்றையது திறக்கப்படும்போது அதனை அழித்துத் தன் பெயரை எழுதும். பதிப்பு மாறுந்தோறும் திரையிலே நெடுநேரம் ஆயத்தம் நிகழ்வது இதனாலேயே. ஒரு கதிரைக்கு இரு தலைவர் போட்டியிடும் சங்கக் கூட்டங்களைக் கண்டோர்க்கு இது வியப்பாகாது.

இதற்கு எளிய தீர்வு, கணினிக்குள்ளே மென்பொருளால் மற்றொரு கணினியை அமைத்து, பழைய விண்டோஸையும் பழைய அக்செஸையும் அதனுட் குடியிருத்துதல். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன மென்பொருளை இணையத்தோடு தொடர்பின்றி அடைத்து வைப்பதற்கும் இதுவே வசதி.

போஸ்ட்கிரெஸ் என்னும் இலவச மென்பொருளில் இத்தொல்லை இல்லை. அதன் ஒவ்வொரு பெரும் பதிப்பும் தன் தரவைத் தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்ளும். முதலாவது 5432 என்னும் வாயில் எண்ணிலும் இரண்டாவது 5433 இலும் காத்திருக்கும். ஒரே வளவில் இரு வீடு, இரு படலை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தரவைப் பெயர்க்கும்போது மாத்திரம், பெயர்க்கும் கருவி புதிய பதிப்புக்கு உரியதாதல் வேண்டும். புதிய கருவி பழையதைப் படிக்கும். பழைய கருவி புதியதைப் படிக்க உடன்படாது.

தமிழ் கற்பிப்போராகிய நமக்கு இதனினும் பெருங்கவலை எழுத்தைப் பற்றியது. நம் நாட்டிலே பழைய தமிழ்க் கோப்புகள் பல பாமினி என்னும் எழுத்துருவில் அமைந்தவை. அதிலே கண்ணுக்குத் தோன்றுவது தமிழ்; கணினி பதிந்து வைத்திருப்பதோ ஆங்கில எழுத்து. ககரம் ‘எவ்’ ஆகவும், அகரம் ‘எம்’ ஆகவும் உள்ளே கிடக்கின்றன. ஆதலின் அக்கோப்பிலே பெயர்களை வரிசைப்படுத்தினால் அருணாசலம் என்பவருக்கு முன்னே கணேசன் வந்து நிற்பார். அக்செஸ் 2000 முதலாக ஒருங்குறியிற் பதியும் ஆற்றல் வந்ததாயினும், பதிப்பை மாற்றிய அளவில் எழுத்தும் மாறிவிடும் என்று எண்ணுதல் வீண். எழுத்தை மாற்றுதற்கு வேறு கருவி வேண்டும். அக்கருவிக்கு ஆங்கிலம் எது, பாமினி எது என்று பிரித்தறியும் அறிவும் இல்லை. ஒருவர் தம் முதலெழுத்தை ஆங்கிலத்தில் ‘வீ’ என்று எழுதுவித்திருப்பின், அது ‘ஏ’ என்று தமிழாகி வெளிவரும். வேலுப்பிள்ளையின் மைந்தர் ஏகாம்பரத்தின் மைந்தராகிவிடுவார்! போரிலும் இடப்பெயர்விலும் கடதாசி இடாப்புகளை இழந்த இடங்களில், இப்பிழையைக் காட்டவல்ல சான்று அப்பழைய கோப்பு ஒன்றே. அதனைத் திறந்து காட்டும் பதிப்பை அவசரப்பட்டு அகற்றலாமா?

எழுதும் உரிமை ஒன்றற்கே என்றோம். இரு பதிப்பிலும் புதிய விவரங்களைச் சேர்க்கப் புகுந்தால், ஒருவரின் முகவரி ஒன்றிலே கொக்குவில் என்றும் மற்றொன்றிலே கனடா என்றும் நிற்கும். எது பிந்தியது என்று எவரும் சொல்லார். பழையது பார்ப்பதற்கு மட்டுமே உரியதாகுக.

பழைய பதிப்பை நீக்கும் நாளைக் கணினி அறிந்தவர் தனித்துத் தீர்மானித்தலும் ஆகாது. இரு பட்டியல்களையும் அச்சிட்டு, ஒருவர் வாசிக்க ஒருவர் ஒப்புநோக்குக. ஒவ்வோர் ஆண்டு வகுப்பினரிலும் ஒருவர் தம்மோடு படித்தாரின் பெயர்களைக் கண்டு கையொப்பமிட்ட பின்னரே அதனை நீக்குக. அப்பொழுதும் பழைய கோப்பின் ஒரு படி வேறிடத்திலும், மாற்றிய பட்டியலின் அச்சுப் படி ஒன்று அலுவலக அலுமாரியிலும் இருத்தல் வேண்டும்.