நிர்வாகி சாவி யாரிடம் இருக்கிறது?

வீட்டுக் கணினியில் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு பெங்களூரில் இருக்கும் மகனிடம் மட்டும் இருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சீயமங்கலத்திலும் செஞ்சியிலும் என் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் இதுதான் நிலைமை.

நண்பர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. சி.டி. போட்டால் மகன் கணக்கில் திறக்கிறது, நம் கணக்கில் "அனுமதி இல்லை" என்று வருகிறது. எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. கடையில் கொடுத்தேன். "டிரைவ் போச்சு சார், மாத்தணும். இல்லன்னா ஃபார்மட் பண்ணிடலாம்" என்றார்கள். பெரியவன் ஓட்டினால் ஓடுகிற வண்டி சின்னவன் ஓட்டினால் நிற்கிறது என்றால், எஞ்சினையா கழற்றுவோம்? ஒரு கணக்கில் தட்டு ஓடுகிறது என்றால் டிரைவ் நன்றாக இருக்கிறது. எந்தக் கணக்கிலும் ஓடவில்லை என்றால்தான் கேபிள், லென்ஸ், டிரைவர் மென்பொருள் என்று பார்க்க வேண்டும்.

அடைப்பு பெரும்பாலும் அனுமதியில் இருக்கும். விண்டோஸ் புரொஃபஷனல் பதிப்பில் குரூப் பாலிசி என்று ஒன்று உண்டு. அதில் 'ரிமூவபிள் ஸ்டோரேஜ் ஆக்சஸ்' என்ற பகுதியில், சி.டி., டி.வி.டி. படிப்பதைத் தடுக்கும் விதி இருக்கிறது. கணினி முழுவதற்கும் போடலாம், ஒரு பயனருக்கு மட்டும்கூடப் போடலாம். ஹோம் பதிப்பில் இந்த எடிட்டர் வராது. அங்கே ஆன்டிவைரஸோ, பிள்ளைகளுக்கான கட்டுப்பாட்டு மென்பொருளோ தடுத்திருக்கிறதா என்று பாருங்கள். எதை மாற்றவும் நிர்வாகி பாஸ்வேர்டு வேண்டும். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறது!

லினக்ஸிலும் இதே கதைதான். 2011 முதல் நம் மாணவர்களுக்கு அரசு கொடுத்த மடிக்கணினிகளில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அது டெபியன் வழி வந்தது. டெபியனில், முதலில் உருவாக்கும் பயனரை 'சிடிராம்' என்ற குழுவில் தானாகவே சேர்த்துவிடும். பிறகு சேர்க்கும் பயனரை நாம்தான் சேர்க்க வேண்டும். பழைய பதிப்புகளில் தாத்தா கணக்கு வெளியே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். சேர்த்தபின் ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வந்தால்தான் பலிக்கும்.

பிள்ளைகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று எவனோ சொல்வதை நம்பி நாம் எதையாவது நிறுவிவிடுவோம் என்று பயப்படுகிறார்கள். அதனால் அன்றாடம் சாதாரணக் கணக்கிலேயே இருப்போம். பாஸ்வேர்டு மட்டும் ஒரு நோட்டில் எழுதி, பீரோவில் பத்திரத்தோடு இருக்கட்டும். செஞ்சி ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் ஆழமான ஒரு பிளவின் மேல் பாலம் இருக்கிறது. பாலத்தை எடுத்துவிட்டால் பகைவன் வர முடியாது, சரி. மேலே இருப்பவனும் இறங்க முடியாதே.

இதில் எனக்கு ஏன் இத்தனை வேகம் என்றால், என் அப்பாவின் எண்பதாம் கல்யாண வி.சி.டி. மூன்று தட்டுகளாக இருக்கிறது. பல்லவேசுவரம் குடைவரைக் கோயில் முன்னால் நின்று, மகேந்திரவர்மன் கதையை அப்பா சொல்கிறார். அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. எழுதும் தட்டின் சாயப் பூச்சு வெயிலிலும் புழுக்கத்திலும் கெட்டுப்போகும். புது மடிக்கணினிகளில் டிரைவே வருவதில்லை. யு.எஸ்.பி.யில் செருகும் வெளி டிரைவ்தான் வாங்க வேண்டும்.

வி.சி.டி. வைத்திருப்பவர்கள் அதில் 'எம்பெக்ஏவி' என்ற ஃபோல்டரைத் திறந்து, டாட் என்று முடியும் கோப்புகளைக் கணினியில் நகலெடுங்கள். வி.எல்.சி.யில் ஓடும். நகலை உங்கள் டாக்குமென்ட்ஸில் வைத்தால் மற்றக் கணக்குகளில் திறக்காது. 'பப்ளிக்' ஃபோல்டரில் வையுங்கள். இன்னொரு நகல் பென் டிரைவில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் இரண்டு தட்டு முடிந்தது. மூன்றாவது நடுவில் திக்குகிறது, மெதுவாகத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.