பிடுங்கினால் போதாது, நாட்டுக் கருவேலம் வையுங்கள்

சீமைக்கருவேலத்தை ஏரிகளிலிருந்து அகற்ற வேண்டும் என்பதில் இன்று பெரிய தகராறு இல்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017இல் உத்தரவிட்டது. 2022இல் தமிழக அரசு வெளியிட்ட கொள்கையோ, அகற்றியபின் நிலத்தை மீட்பதையும் சேர்த்தே பேசுகிறது. ஆனால், பொக்லைன் வேலைக்குக் கிடைக்கும் கவனம் அந்த இரண்டாம் பாதிக்குக் கிடைப்பதில்லை. ஆடுமாடு தின்ற நெற்றின் விதை சாணத்தோடு விழுந்து முளைக்கும் மரம் சீமைக்கருவேலம். திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து ஏரிக்கரைகளை மொட்டையாக விட்டால், நாமே அதற்குப் பாத்தி கட்டிக் கொடுத்ததாகும்.

அந்த இடத்துக்கு உரியது நம் நாட்டுக் கருவேலம். மழைக்காலத்தில் தண்ணீரில் நிற்கும், கோடையில் வெடித்த மண்ணிலும் நிற்கும். மரக்காணம் பக்கத்து உவர் மண்ணையும் ஓரளவு தாங்கும். வேர் முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்து சேர்க்கும். ஏரும் வண்டிச் சக்கரமும் செய்த வைரம் பாய்ந்த கட்டை, ஆட்டுக்கு நெற்று, தோல் பதனிடப் பட்டை, பிசின், பல்குச்சி என்று வீணாக ஒன்றுமில்லை. வேடந்தாங்கல் பறவைகள் கூடு கட்டும் மரங்களில் இதுவும் ஒன்று.

இதுவும் முள் மரம்தானே, நாளை இதுவும் பரவாதா என்று கேட்கலாம். நியாயமான பயம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நிழலுக்கும் தீவனத்துக்கும் கொண்டுபோன இதே கருவேலம் புல்வெளிகளை விழுங்கி, இன்று அங்கே தேசிய அளவில் கட்டுப்படுத்தவேண்டிய களை. ஆனால் இங்கே அதன் விதையைத் துளைக்கும் வண்டும், கன்றைக் கடிக்கும் ஆடும், வெட்டிப் பயன்படுத்தும் கையும் உண்டு. அதற்காக எங்கும் நடச் சொல்லவில்லை. 2021இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி ஈரநிலத்தின் திறந்த சேற்றுப்பரப்பு வலசைப் பறவைகளின் மேய்ச்சலிடம். அங்கே எந்த மரமும் வேண்டாம். ஏரிகளிலும் நடுவில் வைத்துக் கொள்ளளவைக் குறைக்கக் கூடாது, நீர்ப்பிடிப்பின் மேல் ஓரம் போதும். சீமைக்கருவேலம் தரும் விறகும் கரியும் போய்விடுமே என்ற ஏழைகளின் கவலைதான் கனமானது. கருவேலங்கட்டையும் நன்றாக எரியும், ஆனால் சீமைக்கருவேலம் போல் சட்டென்று வளராது. எனவே ஒரே மூச்சில் அழிக்காமல், ஏரி ஏரியாக அகற்றி நட வேண்டும்.

அகற்றும் ஒப்பந்தத்திலேயே கன்று நடுவதும் மூன்றாண்டு வேலி காப்பதும் சேரட்டும். இயந்திரம் இறங்கும் முன்பே, மஞ்சள் உருண்டைப் பூவும் மணிமாலை போல் இடுங்கிய சாம்பல் நெற்றும் உள்ள மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்துக் காப்பாற்றட்டும். சீமைக்கருவேலத்தின் பூ நீளக் கதிர், நெற்று மஞ்சள். ஆடு மேய்ப்பவர் யாரும் அடையாளம் காட்டுவார்.