உரலும் உணவுப் பொதியும்

கணவனும் மனைவியும் பணிக்குச் செல்லும் இல்லங்களில், மாலையில் என்ன சமைப்பது என்னும் வினாவே ஒரு சுமையாகிவிட்டது. அச்சுமையைக் குறைக்க வந்ததே சமையல் பொதி. ஒரு வேளை உணவுக்கு வேண்டிய தானியம், நறுக்கிய காய், அளந்த மசாலா, செய்முறைத் தாள் ஆகியவற்றை ஒரே பெட்டியில் அடக்கி வீட்டுக்கே அனுப்பும் முறை இது. 2007ஆம் ஆண்டில் சுவீடனில் அறிமுகமாகி, 2011இல் பெர்லினில் தோன்றிய ஹலோ ஃபிரெஷ் போன்ற நிறுவனங்களால் பல நாடுகளுக்கும் பரவியது. ஓய்வற்ற நம் குடும்பங்களுக்கு இது ஏற்றதா?

இவ்வினாவுக்குக் கொல்லிமலையில் விடை தேடலாம் என்றால் சிலர் வியப்பர். ஆயின் நேரமின்மை நகரத்தார்க்கு மட்டும் உரியதன்று. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்லும் நாமக்கல் மாவட்டத்து அம்மலையில், வல்வில் ஓரியின் புகழ் விளங்கிய அந்நிலத்தில், மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து உண்டனர். சாமையின் உமி எளிதில் நீங்காது. வயல் வேலை, விறகு, தண்ணீர், குழந்தை என அனைத்தையும் தாங்கிய பெண்களே உரலில் இட்டுக் குத்தவும் வேண்டியிருந்தது. சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக்குப் பணம் தந்தன. நியாய விலைக் கடை அரிசி தந்தது. சிறுதானிய வயல்கள் சுருங்கின. சந்தையோடு உரலடித் துன்பமும் இதற்குக் காரணம் என்பதை நாம் மறத்தலாகாது.

1988இல் தொடங்கப்பெற்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் அம்மலையில் பணியாற்ற முற்பட்டது. உமி நீக்கும் இயந்திரங்கள் ஊர்களுக்கு வந்தன. மகளிர் குழுக்கள் சாமை அரிசியையும் சிறுதானிய மாவு வகைகளையும் பொதிந்து விற்கத் தலைப்பட்டன. கை வலி குறைந்ததும் சாமை மீண்டும் அடுப்பேற வழி பிறந்தது.

ஆதலின், சமையல் பொதியைச் சோம்பலின் சின்னம் என்று இகழ்வது முறையன்று. ஆட்டுக்கல்லின் இடத்தில் மாவரைக்கும் இயந்திரம் வந்தபோதும் இவ்வாறே இகழ்ந்தோம். இன்று அஃதில்லாத சமையலறை அரிது. உழைப்பைக் குறைக்கும் பொதி ஓய்வற்ற குடும்பத்துக்கு ஏற்றதே என்பது நம் துணிபு.

எனினும் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, பொதிக்குள் இருப்பது எவர் விளைச்சல் என்பது. தொலைநாட்டுப் பண்டத்தை நிரப்பிய பெட்டி, நம் உழவருக்கு ஒன்றும் தாராது. கொல்லிமலைப் பெண்கள் பொதிந்த சாமையோ, வாங்குவோரின் நேரத்தையும் விளைவிப்போரின் வாழ்வையும் ஒருங்கே காக்கும். இரண்டாவது, விரயம். ஒவ்வொரு கரண்டி மசாலாவுக்கும் ஒரு நெகிழிப் பை என்றால், வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றும் நாம் அதனை எங்ஙனம் ஏற்பது? மேலும், நால்வருக்கென அளந்த பெட்டி ஐந்தாமவராய் வரும் விருந்தினரை அறியாது. விருந்தோம்பலைத் தமிழும் இஸ்லாமும் ஒருசேரப் போற்றுகின்றன. ஒரு பிடி கூடுதலாக இடும் கை நம்மிடம் இருந்தாக வேண்டும்.

மூன்றாவதே தலையாயது. பெட்டி தானாகச் சமைப்பதில்லை. பணியிலிருந்து திரும்பிய மனைவியே அதையும் பிரித்து அடுப்பின்முன் நிற்பாளாயின், குறைந்தது காய் நறுக்கும் நேரம் மட்டுமே. அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்தார்கள். வீட்டு வேலைகளில் துணை நின்றார்கள். அவர்களைப் பின்பற்றுவதாகக் கூறும் ஆடவர், சமையலறை வாயிலில் நின்று உணவு ஆயிற்றா என வினவுவது பொருந்துமா?

மாணவச் செல்வங்களே! விலை கொடுத்து வாங்க இயலாதாரும் இப்பொதியை இல்லத்திலேயே ஆக்கலாம். விடுமுறை நாளில் தந்தையும் தனயனும் தாயோடு அமர்ந்து, வாரத்துக்கு வேண்டிய பருப்பையும் மசாலாவையும் அளந்து டப்பாக்களில் வையுங்கள். ஒரு டப்பாவில் சாமையும் இருக்கட்டும். பகிர்ந்து செய்யும் வேலையே ஓய்வற்ற குடும்பத்துக்கு முதல் துணை. பொதி அதற்கு அடுத்ததே.