குறை சொல்லி விற்ற கத்தி

 

அரிவாளுக்குத் திருப்பாச்சேத்தி, பூட்டுக்குத் திண்டுக்கல், பாய்க்குப் பத்தமடை என்று ஊருக்கு ஒரு தொழிலைச் சொல்வது வழக்கம். எங்கள் பத்தமடைப் பாயைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் மென்மையைப் புகழ்வார்கள்; சாயத்தைப் புகழ்வார்கள்; மணமக்களின் பெயர் பொறித்த கலியாணப் பாயைப் புகழ்வார்கள். பாய் பிறப்பதற்கு முன்னால் உழைக்கிற ஒரு சிறு கத்தியை மட்டும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அந்தக் கத்தியைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேசப் போகிறேன்.

தாமிரபரணிக் கரையில் விளைகிற கோரையைப் பச்சையாக இருக்கும்போதே நெடுக்குவாட்டில் கீறிப் பிளக்க வேண்டும். பிறகு வெயிலில் உலர்த்த வேண்டும். ஓடும் தண்ணீரில் சில நாட்கள் ஊறப்போட்டு, மறுபடியும் காயவைத்து, உள்ளிருக்கும் சோற்றை நீக்கி, இன்னும் மெல்லிய இழைகளாகக் கீற வேண்டும். அதன் பின்னரே பருத்தி நூலோ பட்டு நூலோ பாவாக நீள, கோரை அதன் குறுக்கே ஓடும். பாய் எவ்வளவு நயமானதோ, இழை அவ்வளவு மெல்லியதாக இருந்தாக வேண்டும். இழை மெலிவது கத்தியின் கூர்மையில் இருக்கிறது. மழுங்கிய கத்தி கோரையைக் கீறாது, நசுக்கும். நசுங்கிய கோரை தறியில் அறும்.

என் மாமிக்கு, அதாவது என் மனைவியின் தாயாருக்கு, அறுபது வயது கடந்துவிட்டது. சிறுமியாக இருந்த நாளிலிருந்து கோரை கீறுகிற கை அது. அவர் வைத்திருந்த பழைய கத்தி, தீட்டித் தீட்டித் தேய்ந்து, கடைசியில் ஈர்க்குச்சி போலாகி ஒரு நாள் இரண்டாக முறிந்தது. "புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாங்க மாப்பிள்ளை" என்றார். நானும் வாங்கி வந்தேன்.

அங்கேதான் நான் ஏமாந்தேன். கடை பெரியது, கத்தி பளபளவென்று மின்னியது, கடைக்காரர் அதன் புகழை மூச்சு விடாமல் சொன்னார். குறை என்று ஒரு சொல் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அதன் விளிம்பு மடங்கிவிட்டது. மடங்கிய விளிம்பு கோரையில் பிடிக்காமல் வழுக்கி, மாமியின் பெருவிரலில் ஆழமாக இறங்கியது. ஒரு கலியாணப் பாய்க்கான கோரை பாதி கீறிய நிலையில் கிடந்தது. பத்து நாட்கள் அவர் கோரையைத் தொட முடியவில்லை. பெண் வீட்டார் ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கூலி போனது பெரிதன்று. வாக்குத் தவறிவிடுமோ என்ற கவலைதான் அந்த மூதாட்டியின் உறக்கத்தைக் கெடுத்தது. அந்தக் கடையின் பெயர் நமக்கு வேண்டாம். ஒரு மனிதர் மறைத்த குறைக்கு மற்றொருவரின் விரல் விலை கொடுத்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மூன்று குறைகள்

அடுத்த வாரம் திருநெல்வேலியில் ஒரு கொல்லுப்பட்டறைக்குச் சென்றேன். நான்கு அங்குல நீளமும் ஓர் அங்குல அகலமும் உள்ள நல்ல கத்தி 300 ரூபாய் என்றார் ஆசாரி. என் முகத்தைப் பார்த்தவர், மூலையில் கிடந்த இன்னொன்றை எடுத்து வைத்தார். "இது 120 ரூவா. ஆனா பாய், இதுல மூணு குறை இருக்கு. கேட்டுட்டு அப்புறம் வெலை பேசுங்க" என்றார்.

முதற்குறை: பட்டறைப் பையன் சாணை இயந்திரத்தில் அழுத்திப் பிடித்ததால் விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்துவிட்டது. இரண்டாவது: பிடி ஆடுகிறது. மூன்றாவது: தோல் உறை தையல் விட்டுப்போய், உள்ளே ஈரம் இறங்கி, அலகில் துரு ஏறியிருக்கிறது. "இரும்பு நல்ல இரும்பு, லாரிப் பட்டையில அடிச்சது. பாடுபட முடியும்னா எடுத்துக்கோங்க" என்று முடித்தார்.

எனக்கு அந்த நிமிடம் நபிமொழி ஒன்று நினைவுக்கு வந்தது. மதீனாவின் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அண்ணலார் கேட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வருகிற இந்தச் செய்தியை எத்தனையோ ஆண்டுகளாக மாணவர்களுக்குப் பாடமாக நடத்தி வருகிறேன். ஈரத்தை மேலே எடுத்து வைத்த ஒரு வியாபாரியை அன்றுதான் நேரில் கண்டேன். அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை. நாம் வெட்கப்பட வேண்டியது வேறோர் இடத்தில்!

120 ரூபாயைக் கொடுத்துக் கத்தியை வாங்கினேன். மூன்று இரவுகள், இஷாத் தொழுகைக்குப் பிறகு, அதனோடு உட்கார்ந்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கத்தி மூலையில் கிடக்கலாம். ஆகையால் செய்த முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நெருப்பு தந்ததும் பறித்ததும்

இரும்பில் சிறிதளவு கரி கலந்தால் அது எஃகு. எஃகைச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால் கடினமாகும்; ஆனால் கண்ணாடி போல உடையும். அதை மறுபடியும் இதமாகச் சூடேற்றினால்தான் கடினமும் உறுதியும் ஒன்று சேரும். வைக்கோல் நிறம் வருவது ஏறத்தாழ 220 டிகிரியில். நீலம் வருவது 300 டிகிரி அளவில். கத்தி விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டால் கடினம் குறைந்துவிட்டது என்று பொருள். நெருப்புத்தான் கூர்மையைத் தாங்கும் வலிமையைத் தருகிறது. அளவு மீறினால் அதே நெருப்புத்தான் அதைப் பறித்தும் விடுகிறது.

இந்த நுட்பத்தில் நம் மண் ஒரு காலத்தில் உலகுக்கே ஆசானாக இருந்தது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் பழங்காலத்து இரும்பு உலைகளை அகழ்ந்து கண்டிருக்கிறார்கள். தென்னாட்டு உருக்கு கடல் கடந்து அரபு நாடுகளுக்குச் சென்றது. இந்திய எஃகில் செய்த வாளை அரபியர் 'முஹன்னத்' என்றே அழைத்தார்கள். 'ஹிந்த்' என்ற நம் நாட்டின் பெயர் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

நீலம் பாய்ந்த பகுதியில் அரத்தை வைத்து இழுத்தால் அரம் கடித்தது. நல்ல பகுதியில் கடிக்காமல் வழுக்கியது. மெலிந்த இடம் எது, வலிய இடம் எது என்பதை அரமே காட்டிவிட்டது. நெல்மணி அகலத்துக்கு விளிம்பைத் தேய்த்து நீக்க வேண்டியிருந்தது. இயந்திரத்தில் கொடுத்தால் ஐந்து நிமிடம். ஆனால் பழைய பிழையே திரும்பவும் நேரலாம். எனவே சொரசொரப்பான தீட்டுக்கல்லில் தண்ணீர் விட்டுக் கையாலேயே தேய்த்தேன். முதல் இரவு இதற்கே சரியாகப் போயிற்று.

துருவைச் சிறிது மண்ணெண்ணெய் தடவி ஊறவைத்து, உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். பிறகு தீட்டும் வேலை. கத்தியின் முதுகு கல்லிலிருந்து மூன்று தீக்குச்சிகளை அடுக்கிய உயரத்துக்கு நிற்க வேண்டும். அந்தச் சாய்வு மாறாமல் ஒரு பக்கம் தீட்டினால், மறுபக்கம் விரல் நுனியில் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அப்போது பக்கம் மாற்ற வேண்டும். பிறகு வழவழப்பான கல். இறுதியில் பழைய இடுப்பு வாரின் உட்புறத்தில், முதுகு முன்செல்ல, பத்துப் பதினைந்து முறை இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும்.

இரண்டாம் இரவு பிடி. மரப்பிடியைக் கழற்றி, துளையில் அரக்குப் பொடியையும் செங்கல் தூளையும் கலந்து நிரப்பினேன். பிடிக்குள் புகும் இரும்புக் காம்பைச் சூடாக்கி உள்ளே அழுத்தினால், அரக்கு உருகி, ஆறியபின் கல்லாக இறுகிவிடும். அலகின்மேல் ஈரத்துணி சுற்றிக்கொள்ள மறவாதீர்கள். இல்லையேல், விளிம்பு மீண்டும் நீலம் பாய்ந்துவிடும்!

மூன்றாவது உறை. பழைய தையலின் ஓட்டைகள் கிழிந்திருந்ததால் புதிய தோலே வேண்டியிருந்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் தண்ணீரில் நனைத்தால் வளையும். காய்ந்தால் வளைத்த வடிவத்திலேயே நிற்கும். கத்திக்கு எண்ணெய் பூசிப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, நனைந்த தோலை அதன்மேல் பொருத்திக் காயவைத்தேன். தைத்துக் கொடுத்தவர் செருப்புத் தைக்கும் ஒரு பெரியவர். அவர் ஒரு நுட்பம் சொன்னார். இரண்டு தோல்களுக்கும் நடுவே, விளிம்பு படும் பக்கமாக, ஒரு தோல் பட்டையை வைத்து மெழுகு நூலால் தைக்க வேண்டுமாம். அப்போது கத்தி நூலை அறுக்காது. முதல் உறை ஏன் பிரிந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. இன்னொன்றையும் சொல்லி வைத்தார்: ஐப்பசி, கார்த்திகை மழையில் கத்தியை நாட்கணக்கில் உறைக்குள்ளேயே விடக்கூடாது, தோல் ஈரத்தை வாங்கி இரும்புக்குக் கொடுத்துவிடும்.

மிச்சம் பத்து ரூபாய்

கணக்குப் பார்த்தேன். கத்தி 120, உப்புத்தாள் 30, அரக்கு 40, தோலும் தையல் கூலியும் 100. ஆக மொத்தம் 290 ரூபாய். புதுக்கத்தி 300. மூன்று இரவு உழைத்து நான் மிச்சப்படுத்தியது பத்து ரூபாய்! என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் ஒலிக்கிறது.

ஆனால் மறைத்த குறையோடு விற்ற கத்தி எங்களுக்குப் பத்து நாள் கூலியையும் ஒரு விரலின் இரத்தத்தையும் செலவு வைத்தது. சொல்லி விற்ற குறைகளோ ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோயின. தெரிந்த குறைக்கு மருந்துண்டு. தெரியாத குறைக்கு ஏது மருந்து? விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வணிகத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்தால் அது அழிக்கப்பட்டுவிடும் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றிருக்கிறது. பரக்கத் என்பதை வானத்திலிருந்து கொட்டும் பணமாகவே நாம் கற்பனை செய்கிறோம். நம்பி வாங்கியவரின் கை வெட்டுப்படாமல் இருப்பதும் பரக்கத்தான் அல்லவா?

இது கடைக்காரர்களுக்கு மட்டும் சொல்வதன்று. பெண் பார்க்க வருகிறவர்களிடம் மகளின் நோயை மறைக்கிறோம். மகனின் வேலையைக் கூட்டிச் சொல்கிறோம். பழைய சைக்கிளை விற்கும்போது அதன் சத்தத்தை மட்டும் சொல்லாமல் விடுகிறோம். 'கேட்டால் சொல்லியிருப்பேனே' என்பது நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் ஃபத்வா. அந்த ஆசாரி நான் கேட்காமலே சொன்னார்.

ஆலிமும் மாமியும்

இனி கடைசிச் செய்தி. இது என் குறை, நானே சொல்லிவிடுகிறேன்.

நான்காம் நாள் காலை, கத்தியின் கூர்மையைக் காட்டும் பெருமையில், அதை உறையிலிருந்து உருவி மாமியிடம் நீட்டினேன். காயம் ஆறிய கையைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டவர், வாங்காமல் நின்றார்.

"உறையிலே போட்டுத் தாங்க மாப்பிள்ளை. பிள்ளைக ஓடிக்கிட்டு இருக்கு" என்றார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. உருவிய வாளை ஒருவர் மற்றவரிடம் கொடுப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. அதை நான் ஓதிக் கொடுத்திருக்கிறேன், அவர் ஓதியதில்லை. ஆனால் அதன்படி நடந்தவர் அவர். நான் தலை குனிந்து, கத்தியை உறையில் இட்டு, பிடிப் பக்கமாக நீட்டினேன். வாங்கிக்கொண்டு, ஒரு கோரையை எடுத்துக் கீறினார். சத்தமே இல்லாமல் அது இரண்டாயிற்று. "நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான். கலியாணப் பாய் உரிய நாளில் போய்ச் சேர்ந்தது, அல்ஹம்து லில்லாஹ்.

அன்புச் சகோதர சகோதரிகளே! இன்றிரவு உங்கள் வீட்டுக் கத்தியை எடுத்துப் பாருங்கள். மழுங்கியிருந்தால் தீட்டுங்கள், பிடி ஆடினால் இறுக்குங்கள், உறை இல்லையேல் ஒரு துண்டுத் தோலாவது தைத்துப் போடுங்கள். நாளை எதையேனும் விற்க நேர்ந்தால், விலையைச் சொல்வதற்கு முன்னால் குறையைச் சொல்லுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.