தாலியோடு வராத பொறுப்பு

வடமராட்சி உறவுகளுக்கு,

மகள் மறுமணம் செய்து லண்டன் போகிறாள், கூடப் போகிற பேரனுக்கு அங்கே தகப்பன் ஆர் என்று உங்களில் சிலர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தீர்கள். தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பிக் களைத்துவிட்டேன், எல்லாருக்குமாக எழுதுகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. ஆரம்பப் பாடசாலை ஒன்றின் கந்தோரில் பிள்ளைகளைப் பதிகிற மேசையில் இருக்கிறவள்.

எங்கள் பாடசாலையில் ஒரு சின்னவன். அவனுடைய ஆஸ்துமா பம்பில் பெயர் ஒட்டி, எப்போது கொடுக்கவேண்டும் என்று துண்டில் எழுதித் தருகிறவர் தாயின் இரண்டாவது கணவர். இங்கத்தைய 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி பிள்ளையைப் பராமரிக்கிறவரும் பெற்றோர்தான். என் மேசைக்கு அவர் தகப்பன். ஆனால் சின்னவனுக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை என்றபோது வைத்தியசாலையில் அவருடைய கையெழுத்தை எடுக்கவில்லை. தாய் வேலையைப் போட்டுவிட்டு ஓடவேண்டி வந்தது. "நடை பழகினதில இருந்து நான்தானே வளர்க்கிறன்" என்றார் மனுசன். உண்மைதான்.

1989ஆம் ஆண்டுப் பிள்ளைகள் சட்டம் 'பெற்றோர் பொறுப்பு' என்ற ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறது. சிகிச்சைக்குச் சம்மதிப்பது, கடவுச்சீட்டு, பாடசாலைத் தெரிவு எல்லாம் அதற்குள் அடக்கம். பெற்ற தாய்க்கு அது பிறப்போடு வருகிறது. தாயைக் கட்டியவருக்குத் தாலியோடு வருவதில்லை. 2005 டிசம்பர் 30 முதல் இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. கல்யாணம் சட்டப்படி பதிவாகியிருந்தால், பொறுப்புள்ள பெற்றோரும் வளர்க்கிறவரும் ஒரு படிவத்தில் நீதிமன்ற அலுவலர் முன்னிலையில் ஒப்பமிட்டுப் பதியலாம். பெற்ற தகப்பன் மறுத்தால் நீதிமன்றக் கட்டளை கேட்கவேண்டும். அவருடைய பொறுப்பு இதனால் பறிபோகாது, மூன்று பேருக்கும் இருக்கும். அதை விளங்கப்படுத்தினாலே பாதிப் பிடிவாதம் இறங்கும்.

இந்தப் பொறுப்பு கிடைத்துவிட்டால் வளர்க்கிறவர் சட்டப்படி தகப்பன் என்று நினைக்கவேண்டாம். மரண சாசனம் எழுதாமல் அவர் கண்ணை மூடினால், மகவேற்புச் செய்யாத பிள்ளைக்கு இந்த நாட்டுச் சட்டம் ஒரு பங்கும் கொடுக்காது.

பிள்ளையைத் தனியாக அனுப்ப நினைக்கிறவர்களுக்கு இன்னொன்று. தகப்பனின் ஒன்றுவிட்ட தம்பி நமக்குச் சித்தப்பாதான். பிள்ளைகள் சட்டத்தின் கணக்கில் அவர் நெருங்கிய உறவு அல்ல. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளை அவர் வீட்டில் 28 நாளோ அதற்கு மேலோ தங்குவதானால் கவுன்சிலுக்கு முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். ஒளிக்காதீர்கள். ஐவரி கோஸ்டிலிருந்து வந்த விக்டோரியா கிளிம்பி என்ற எட்டு வயதுப் பிள்ளை, தகப்பன் வழி உறவுப் பெண்ணின் பொறுப்பில் இருந்து, சித்திரவதைப்பட்டு 2000இல் லண்டனில் இறந்தாள். அதற்குப் பிறகு இப்படியான ஏற்பாடுகளைக் கவனிக்கிற விதிகளை இறுக்கினார்கள். வீட்டுக்குக் கவுன்சில் ஆள் வந்து பார்க்கிறது நம்மை அவமதிக்க அல்ல.

"வெள்ளைக்காரனுக்கு எல்லாத்துக்கும் கடுதாசி வேணும்" என்று பெரியையா சிரிப்பார். எங்கள் தேசவழமைச் சட்டத்திலேயே பிள்ளை எடுக்கிறதென்றால் உரித்துக்காரரின் சம்மதமும் மஞ்சள் தண்ணீர்ச் சடங்கும் எழுதிக் கிடக்கிறது, பெரியையா! இலங்கையில் 1941ஆம் ஆண்டுச் சட்டப்படி மகவேற்புக்கு நீதிமன்றக் கட்டளையும் வேண்டும். பக்கத்து வீட்டாருக்குத் தெரியும் என்பது அங்கேயும் செல்லாது.

ஆகவே பேரனின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் விவாகரத்துத் தீர்ப்பையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு அவனுடைய பையிலேயே வைத்து அனுப்புங்கள். பெற்ற தகப்பன் பருத்தித்துறையில் இருந்துகொண்டு எப்படி ஒப்பமிடுவது, நீதிமன்றத்துக்குப் போவது லேசா என்பதை இங்கே ஒரு குடும்பச் சட்டத்தரணியிடம் மகள் கேட்கட்டும். பழைய மருமகனோடு முகம் கொடுத்துப் பேசுகிறீர்கள் என்று அறிந்தேன். பயணத்துக்கு முதல் அவரிடம் நீங்களே இந்தக் கதையை எடுங்கள்.

அன்புடன்,
லண்டனிலிருந்து உங்கள் ஊர்ப்பிள்ளை