கோவாவின் வேரைப் பார்த்தபின் மருந்தை எடுப்பீர்

நுவரெலியாப் பகுதியில் நண்பகலில் துவண்டு மாலையில் நிமிரும் கோவாப் பயிரைக் கண்டதும், கமக்காரர் பலர் மருந்து தெளிக்க விரைகின்றனர். இவ்வவசரம் தவறானது. அத்தகைய செடியொன்றை முதலில் வேரோடு கிளப்பிப் பார்த்தல் வேண்டும். வேர்கள் கழலைபோற் பருத்து முண்டுமுண்டாக இருப்பின் அது வேர்க்கழலை நோயாகும். இலைமேல் தெளிக்கும் எம்மருந்தும் அதனைத் தீர்க்காது, பணமே வீணாகும்.

இந்நோயின் வித்திகள் மண்ணில் 10 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடிருக்க வல்லன. அமில மண் அவற்றுக்கு உவப்பானது. ஆதலால் நோயுற்ற செடிகளை வேரோடு அகற்றி எரித்தலும், நடுகைக்கு முன்னரே மண்ணைப் பரிசோதித்துச் சுண்ணாம்பு இடுதலும், மண்வெட்டியைக் கழுவுதலும், நோய் கண்ட மேடையின் நாற்றுக்களை விலக்குதலும் அவசியம். முள்ளங்கி, நோக்கோல், பூக்கோவா என்பன கோவாவின் இனமாதலால் மாற்றுப்பயிராக உதவா. கரட், லீக்ஸ், போஞ்சி ஏற்றவை.

மேட்டுத் தோட்டத்து மண் மழைநீரோடு கீழ்த்தோட்டத்துக்கும் இறங்கும். ஆதலின் தம் நிலத்தில் இந்நோயைத் தடுப்பவர் அயலவரின் விளைச்சலையும் காப்பவராவர்.