பலிபீடத்திற்குத் தகுந்த உடல்

லேவியர் நூலின் 21ஆம் அதிகாரம் ஆரோன் வழிவந்தோருள் பார்வையற்றோரையும் கூனரையும் பலிபீடத்தை நெருங்கவிடவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பும், உடற்குறையால் பாதுகாப்பாகவோ உருச்சிதைவால் கண்ணியமாகவோ பணியாற்ற இயலாதோர்க்குக் குருத்துவத்தை மறுத்தது. முதற்காரணம் பணியைப் பற்றியது. இரண்டாவதோ காண்போரின் அருவருப்பைப் பற்றியது. அருவருப்பு ஒருவருடையது, தண்டனை இன்னொருவருக்கு! மோகாக் இனத்தாரிடம் சிறைப்பட்டு விரல்கள் சிதைந்த இயேசு சபைக் குரு ஈசாக் ஜோக்ஸ் மீண்டும் திருப்பலி நிறைவேற்ற, எட்டாம் உர்பானின் தனிச்சலுகை வேண்டியிருந்தது.

1983ஆம் ஆண்டுத் தொகுப்பு அத்தடையைக் கைவிட்டது. ஆயினும் திருப்பட்டத்திற்கு ஏற்ற உடற்பண்புகளைக் கோரும் 1029ஆம் விதி எஞ்சியுள்ளது. அளவுகோல் ஆயர் கையில்.

சின்னக்கானல் தோட்டத் தமிழரும் அறிந்த வேளாங்கண்ணி மரபில், மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன் குணமடைந்தே தூது செல்கிறான். ஊன்றுகோலோடு சென்றிருந்தாலும் செய்தி நாகப்பட்டினத்தை அடைந்திருக்கும்.